அசனத்து லாரி

சாவியைத் திருகியதும் இன்ஜின் சுற்றத்தான் செய்தது. பேட்டரியில் குறையில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் திணறாமல் இழுத்தது. ஆனால் அந்தச் சுற்றலுக்குள் எங்கோ ஓர் இடத்தில் வரவேண்டிய முதல் வெடிப்பு வரவில்லை. பாக்கியசீலன் விரலை எடுத்தார். ஓசை இழுபட்டுத் தேய்ந்து அடங்கியது. முருங்கை மரத்து மைனாக்கள் பறந்துபோய், ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டு, திரும்ப வந்து உட்கார்ந்தன. மறுபடியும் திருகினார். மறுபடியும் அதே சுற்றல், அதே வெறுமை. வாசலில் நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு லாரியைப் பார்க்கத் தொடங்கியது, திரும்பிப் பாராமலேயே அவருடைய முதுகுக்குத் தெரிந்தது.

மூக்கு நீண்ட பழைய லாரி. நெற்றியில் 'எபெனேசர்' என்று மஞ்சள் எழுத்து. பாளையங்கோட்டைக்கு வெளியே, சீவலப்பேரி போகும் சாலையை ஒட்டிய அவர் வீட்டு முற்றத்தில் நேற்று மாலையிலிருந்தே முழுச் சுமையோடு நின்றது. அரிசி மூடைகள், விறகு, அதன்மேல் கவிழ்த்துக் கட்டிய அண்டாக்கள், சோறு கொட்டும் ஓலைப் பாய்கள். எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் சொந்த ஊர்க் கோயிலின் அசனத்துக்கு. வருஷத்துக்கு ஒருமுறை சபை மொத்தமும், சபையில் இல்லாத அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும், யார் எவர் என்று கேட்பாரில்லாமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடும் விருந்து அது. லாரி வாங்கிய வருஷம், வண்டி ஓடுகிற காலம்வரை அசனத்துச் சுமை தன் வண்டியில்தான் வரும் என்று பாக்கியசீலன் பீடத்துக்கு முன்னால் பொருத்தனை செய்திருந்தார். அதற்குப் பிறகு வாடகை வண்டியில் அரிசி வந்திறங்கிய அசனம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். உடம்பில் சர்க்கரை. ஊரில் அவருக்கு மிச்சமிருந்த பெருமை, வருஷத்தில் அந்த ஒரு நாள் கோயில் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போய் நிற்பதுதான்.

"என்ன அண்ணாச்சி, அசனத்துக்கு வர எபெனேசருக்கு மனசில்லயோ?" என்றார் ஹெப்ரான். சபைக் கமிட்டியின் செயலாளர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிளார்க். தேய்த்த வெள்ளைச் சட்டையில் சுருக்கம் விழாதபடி கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டு நின்றார்.

"மனசெல்லாம் இருக்கும். வயசுதான் ஆயிட்டு. பென்சன் குடுத்து வீட்ல உக்கார வச்சிரலாம்" என்றான் சுஜின். கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான்.

பாக்கியசீலன் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தார். "குளிர்ல நின்னிருக்கு வே. பைய எந்திரிக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கி மூக்கைத் திறந்தார்.

வண்டியை அவரே ஓட்டிய காலம் உண்டு. உவரியில் மீன் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தையில் இறக்கிய காலம். இன்ஜின் என்ன சொல்கிறது என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியிருந்தார். சர்க்கரையில் பாதங்கள் மரத்துப்போய், மிதி எங்கே இருக்கிறது என்று கால் சொல்லாமல் ஆனபோது ஸ்டியரிங்கை முழுவதுமாகத் தாஜ் முகம்மதுவிடம் விட்டார். அதற்கு முன்பே தாஜ் அவரிடம் கிளீனராக வந்து, டிரைவராகி, இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலப்பாளையத்துக்காரர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். எங்கே நிறுத்தினாலும் இன்ஜினை உடனே அமர்த்தமாட்டார். கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அமர்த்துவார். கேட்டால், "ஓடிவந்த மனுசன் மாதிரிதான அண்ணாச்சி, மூச்சு வாங்கட்டும்" என்பார். இப்போது அவர் இங்கே இல்லை. மகள் ஷம்ஸியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நேற்று மத்தியானமே போய்விட்டார். காலையில் டவுன் பஸ்ஸில் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. கொஞ்ச தூரம்தானே, வண்டியை நானே கொண்டு வந்துவிடுகிறேன் என்று பாக்கியசீலன்தான் சொல்லியிருந்தார்.

தாஜுக்குக் கோயிலில் வேறொரு வேலையும் இருந்தது. அசனத்து ஆடுகளை அறுப்பது அவர்தான். பக்கத்து ஊரிலிருந்து பாய்மார் குடும்பங்களும் அசனத்துக்கு வரும். அவர்கள் ஆள் ஒருவர் இறைவன் பேரைச் சொல்லி அறுத்தால்தான் அவர்களும் கறியில் கை வைக்க முடியும். எல்லாருக்கும் ஒரே அண்டா, ஒரே குழம்பு என்று எப்போதோ இருந்த ஓர் ஐயரவாள் ஏற்படுத்திய வழக்கம். சபைக் குருவானவரை அந்த ஊரில் ஐயரவாள் என்றுதான் சொல்வார்கள். அறுப்பு முடிந்து, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து தாஜ் பந்தியில் பாக்கியசீலனுக்குப் பக்கத்து இலையில் உட்காருவார். அந்த இலையில் வேறு யாரும் உட்காருவதில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

"சுஜினு, பின்னால போயிப் பாரும். பொகை வருதா?"

ஹெப்ரானை டிரைவர் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னார். ஹெப்ரான் கைக்குட்டையை விரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சாவியைத் தொட்டால் கறை ஒட்டிவிடும் என்பதுபோல் இரண்டு விரலால் திருகினார். இன்ஜின் சுற்றியது.

"ஒரு பீடிப் பொகைகூட இல்ல அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து சுஜின் கத்தினான்.

புகை இல்லையென்றால் டீசல் எரியும் இடத்துக்கு வந்து சேரவில்லை. வெள்ளையாகக் கொஞ்சம் கசிந்திருந்தாலும் வேறு கணக்கு. இப்போது வழி ஒன்றுதான். டீசல் எதுவரைக்கும் வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். பாக்கியசீலனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆட்கள் நின்று பார்க்க, அவருடைய கைகள் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தன. டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார், பாதிக்கு மேல் நனைந்து வந்தது. ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி உள்ளங்கையில் பிடித்தார். தண்ணீர் இல்லை, சுத்தமான டீசல். காற்றுப் பிடித்திருக்கும் என்று பம்பின் பக்கத் திருகை நெகிழ்த்திவிட்டுக் கைப்பம்பை அமுக்கினார். முதலில் இரண்டு குமிழி நுரைத்தது. பிறகு நுரை நின்று, தடையில்லாமல் வழிந்தது. "அம்புட்டுத்தான் வே, காத்துதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திருகை முறுக்கினார். ஹெப்ரான் சாவியைத் திருகினார்.

சுற்றியது. பற்றவில்லை.

அந்தச் சத்தமான பேச்சு அங்கேயே காற்றில் நின்றது. சுஜின்கூட கேலி பண்ணவில்லை. அது கேலியைவிட மோசமாக இருந்தது.

கடைசி வாசலுக்குப் போனார். பம்பிலிருந்து இன்ஜின் தலைக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாக நெகிழ்த்தினார். வயிற்றைத் தகரத்தின்மேல் அழுத்திக் குனிந்து, "இப்பத் திருகும்" என்றார். இன்ஜின் சுற்றும்போதெல்லாம் அந்த நட்டுகளின் இடுக்கில் டீசல் துப்பவேண்டும். அவர் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். பழைய ஈரம்தான். ஒரு சொட்டு புதிதாக வரவில்லை.

பம்புக்குள் வருகிறது. பம்பைவிட்டு வெளியே போகவில்லை. அப்படியானால் கோளாறு பம்பில்.

நிமிர்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. பம்பை ஆடி மாதம்தான் கழற்றி, டவுனில் கொடுத்துப் பிரித்துச் சரிபார்த்துக் கொண்டுவந்தது. அவர் கூடப் போகவில்லை. தாஜ்தான் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனார், இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டினார். இந்த நினைப்பு வந்ததும் அதை அவர் தள்ளிவிட்டார். தள்ளியது கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து வாசலில் நின்றது.

"என்ன அண்ணாச்சி, ஆசுபத்திரி கேஸா?" என்று ஹெப்ரான் இறங்கி வந்தார்.

"பம்பு அடிக்கல வே."

"பம்பு இப்பத்தான பாத்தது? நீங்களே சொன்னீயளே."

"பாத்ததுதான்."

"யாரு கொண்டு போனா?"

"தாஜு."

"நீங்க கூடப் போகலியோ?"

ஹெப்ரான் கைக்குட்டையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த மடிப்பில் ஒரு நிதானம் இருந்தது. "தப்பா எடுத்துக்கிடாதீய அண்ணாச்சி. அங்கன அடுப்பு மூட்டணும். அரிசி இங்கன நிக்கி. நான் வேற வண்டிக்குச் சொல்லட்டுமா? எல்லாத்தையும் மாத்தி ஏத்திரலாம். ஒரு வருசந்தான, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த வாக்கியம்தான் அவரை அடித்தது. வாடகை லாரி ஒன்று கோயில் வாசலில் போய் நிற்பதும், அதன் பின்னால் சுஜினின் பைக்கில் தான் தொற்றிக்கொண்டு போய் இறங்குவதும், யாரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியில் குறை, கையில் குறை, வயசில் குறை. எல்லாக் குறையும் தன்மேல் வந்து குவிவதற்கு முன்னால் அதை வேறு எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அப்போது மனைவி ஹெப்சிபா காப்பித் தம்ளர்களோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் சொன்னார்.

"என் வண்டியில ஒண்ணுமில்ல வே. பம்புல கெடந்த நல்ல சாமானக் கழத்தி எவனுக்கோ குடுத்துட்டு, பழசப் போட்டு மாட்டிருக்கான். எத்தன வருசம் பக்கத்து இலையில உக்காந்து தின்னாலும் அவனுவ புத்தி அவனுவளுக்கு."

தாஜைச் சொல்ல வந்தவர் ஒரு ஊரையே சொல்லியிருந்தார். இப்படி ஒரு பேச்சு தன் வாயில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. எங்கெங்கோ டீக்கடைகளில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பின்கட்டுகளில் மற்றவர்கள் பேசக் கேட்டு, பேசாமல் எழுந்துவந்திருக்கிறார். எழுந்துவந்ததில் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறார். கேட்டதெல்லாம் எங்கும் போய்விடவில்லை. உள்ளேயே தங்கி, தேவைப்பட்ட நேரத்தில் பதமாக வந்து நின்றது.

"அதான பாத்தேன்" என்றார் ஹெப்ரான். ரொம்ப நாளாக ஒருவர் சொல்லட்டும் என்று காத்திருந்தவர்போல இருந்தது அந்தக் குரல். சுஜின் தரையைப் பார்த்தான். ஹெப்சிபா தட்டைத் திண்டில் வைத்தாள். யாரிடமும் தம்ளரை எடுத்து நீட்டவில்லை. கணவனை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து தலைவாரிவிட்டது தாஜின் மனைவி மைதீன் பாத்திமா. ஹெப்சிபா உள்ளே போய்விட்டாள்.

ஹெப்ரான் கொஞ்சம் தள்ளி நின்று போனில் பேசினார். "ஆமா... பம்புல வேலையக் காட்டிட்டான்... நம்ம அண்ணாச்சியே சொல்லுதாவ... இல்ல, அவன் வேண்டாம். அவன் வந்தாலும் பேசாம உக்காரச் சொல்லு. மாரிக்கண்ணு இருக்கான்லா, ஆட்டுக்கு அவனக் கூப்பிட்டுக்கோ." ஒவ்வொரு சொல்லும் பாக்கியசீலனின் காதில் விழுந்தது. அவர் குனிந்து, நெகிழ்த்திய நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கி முடித்த நட்டை இன்னொரு தரம் முறுக்கினார். அந்த வேலை இருக்கும்வரை காது கேட்காத மாதிரி இருக்கலாம்.

வேறு வண்டி வரும்வரை சும்மா நிற்க முடியவில்லை. இன்னொரு தடவை திருகிப் பார்ப்போம் என்று ஏறினார். ஏறும்போது ஸ்பேனர் நழுவி மிதிகளுக்கு நடுவே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். நெற்றியில் ஏதோ நறுக்கென்று குத்தியது.

டேஷ்போர்டுக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அந்தக் கறுப்புக் குமிழ்.

அவர் குனிந்தபடியே இருந்தார்.

பழைய வண்டிகளில் சாவி இன்ஜினை ஓடவைக்க மட்டும்தான். நிறுத்துவதற்கு இந்தக் குமிழை இழுக்கவேண்டும். இழுத்தால் அதன் கம்பி பம்பில் டீசல் போகும் வழியை அடைத்துவிடும். இன்ஜின் அடங்கியதும் ஸ்பிரிங் குமிழைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அவர் ஓட்டிய காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த ஸ்பிரிங் அறுந்து மாதங்கள் ஆகின்றன. தாஜ் இரண்டு தடவை சொன்னார். "அசனம் முடியட்டும், பாப்போம்" என்று சொன்னது பாக்கியசீலன். அதற்குப் பிறகு தாஜ் வண்டியை நிறுத்தியதும் குமிழை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுவார். கால் தானாகச் செய்யும் வேலை, வண்டியிலிருந்து இறங்கும் அசைவோடு சேர்ந்தது. நேற்று மாலை சுமை ஏற்றிய வண்டியைப் பாக்கியசீலனே முற்றத்துக்குக் கொண்டுவந்தபோது, ஐயரவாள் அதற்கு ஜெபம் பண்ண வந்து நின்றிருந்தார். அவரைக் காக்கவைக்கக்கூடாது என்று பாக்கியசீலன் அவசரமாகக் குமிழை இழுத்து இன்ஜினை அமர்த்திவிட்டு, தலைத்துண்டை எடுத்துக்கொண்டே இறங்கினார். இறங்கி, கண்ணை மூடி, வண்டி ஒரு தடையும் இல்லாமல் போய்ச் சேரவேண்டும் என்ற ஜெபத்துக்கு ஆமென் சொன்னார்.

இவ்வளவு நேரமும் குமிழ் இங்கேதான் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பம்பின் வாயைத் தானே அடைத்துவைத்துவிட்டு, வாசல் வாசலாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடைசி வாசலில் நின்ற ஆளைத் திருடன் என்றிருக்கிறார்.

கண்ணாடி வழியே பார்த்தார். ஹெப்ரான் இன்னும் போனைக் கையில் வைத்திருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். "ஹெப்ரான், எந் தப்புதான் வே, ஸ்டாப்பரத் தள்ள மறந்துட்டேன்." இவ்வளவுதான் சொல்லவேண்டும். கொஞ்சம் சிரிப்பார்கள். சுஜின் அடுத்த வருஷ அசனம்வரை சொல்லிச் சொல்லிக் காட்டுவான். வாக்கியம் முழுதும் நாக்கில் தயாராக இருந்தது. அவர் வாயைத் திறந்து, மூடினார். நெற்றியில் குத்திய இடம் விண்விண்ணென்று தெறித்தது. குமிழை உள்ளே தள்ளினார். அது போய்ப் பொருந்திய 'டக்' அவரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. சாவியைத் திருகினார்.

இரண்டு இருமல். கறுப்பாக ஒரு புகை. பிறகு எபெனேசர் உடம்பு குலுங்க எழுந்து நின்றது.

"ஸ்தோத்திரம்!" என்று யாரோ கத்தினார்கள். சுஜின் கை தட்டினான். ஹெப்ரான் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். கையில் கறை ஒட்டுவதைக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி கைன்னா கைதான்! அவன் கெடுத்து வச்சதயும் ஓட வச்சிட்டீயளே!"

இன்ஜின் சத்தத்தில் கேட்காததுபோல் பாக்கியசீலன் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதுபோலவும் இருந்தது.

ஹெப்சிபா வெள்ளைச் சேலை உடுத்தி, வேதாகமப் பையோடு வந்து பக்கத்தில் ஏறினாள். மற்றவர்கள் பைக்குகளில் முன்னால் போனார்கள். சாலையின் இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். வாய்க்காலில் தண்ணீர் நிரம்பப் போனது. பாதங்கள் மிதியைத் தேடித் தேடி மிதித்தன. பேசாமல் இருப்பது அவர்கள் இருவருக்கும் புதிதல்ல. பேசாமலேயே பல வருஷம் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மௌனங்களில் சாய்ந்துகொள்ள இடமிருந்தது. இது அப்படியில்லை.

"என்ன கோளாறாம்?" என்றாள் அவள், வெளியே பார்த்துக்கொண்டே.

"காத்து."

"காத்தா?"

அவர் கியரை மாற்றினார். மாற்றவேண்டிய இடம் அல்ல. வண்டி முனகியது.

சீவலப்பேரி தாண்டி ஆற்றுப் பாலம் வந்தது. கீழே தாமிரபரணி வெயிலை வாங்கிக்கொண்டு அகலமாகக் கிடந்தது. படித்துறையில் யாரோ சேலையை அலசி விரித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் நடுவில்தான் ஹெப்சிபா சொன்னாள்.

"ஷம்ஸியாவுக்கு முடிஞ்சிட்டாம். பாத்திமா விடியக்காலம் போன் போட்டா. மொத சேதி ஒங்களுக்குத்தான் சொல்லுதேன் மதினி, அண்ணாச்சிட்ட சொல்லிருங்கன்னா. நீங்க வண்டியோட நிக்கியளேன்னு சொல்லல."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். ஹாரனை அடிக்கவேண்டிய வளைவில் அடிக்க மறந்தார்.

கோயில் வாசலிலும் ஹாரன் அடிக்கவில்லை. ஆனாலும் ஆட்கள் ஓடிவந்தார்கள். கோபுரத்துக்குக் கட்டியிருந்த சீரியல் பல்புகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. குழி தோண்டிய அடுப்புகள் வரிசையாக வாயைத் திறந்து காத்திருந்தன. ஹெப்சிபா இறங்கி, திரும்பிப் பாராமல் வெங்காயம் உரிக்கும் பெண்களைப் பார்த்து நடந்தாள். பந்தலுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் ஆடுகள் கட்டியிருந்தன. மாரிக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே நின்றான். மரத்துக்கு இந்தப் பக்கம், வெயில் விழும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தாஜ் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய கத்தி. மாற்றுச் சட்டை வைத்த பை நாற்காலியின் காலில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாரும் வேலையாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் அவரைச் சுற்றி ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

லாரியைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார். கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து ஏறி, ஜன்னலைப் பிடித்து நின்றார். முகத்தில் பழைய சிரிப்பு வர முயன்றுகொண்டிருந்தது.

"வண்டி மக்கர் பண்ணிட்டாமே அண்ணாச்சி. ஹெப்ரான் சாரு சொன்னாவ."

"ம்."

"ஆட்டுக்கு வேற ஆளு வந்தாச்சாம். சரி, நமக்கும் வர வர தோள்பட்டை வலிக்கத்தான் செய்யுது." கொஞ்சம் நிறுத்தினார். "பக்கத்து ஊர்லருந்து எங்க சனம் சாப்பிட வருவாவ. அவியளுக்குத்தான் என்ன சொல்லன்னு தெரியல. வெறுஞ்சோறும் ரசமும் இருக்கும்லா, சமாளிச்சிரலாம்."

பாக்கியசீலன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தார். நக இடுக்குகளில் டீசல் கறுத்திருந்தது. தாஜும் அதைப் பார்த்தார். பார்த்ததும் குரல் தாழ்ந்தது.

"பம்புன்னாவ. அண்ணாச்சி, நான் கடையில நின்னு, புதுச் சாமான் போடுததக் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன். அதுக்கு மேலயும் ஏமாத்திருக்கான்னா, அது எந் தப்புதான். நாளைக்கே கழத்துங்க. நான் போயிக் கேக்கேன். இந்த நாளும் அதுவுமா ஒங்கள நாலுபேர் முன்னால நிக்க வச்சிட்டேன். மனசுல வச்சிக்கிடாதீய."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் தாஜ் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. கேட்கும்படி எதுவும் செய்ததில்லை. "தாஜு" என்றார் பாக்கியசீலன். அந்தப் பேருக்குப் பின்னால் வரவேண்டியது வரவில்லை. தொண்டை சுற்றிச் சுற்றி வந்தது, பற்றிக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி! வண்டிய அமத்துங்க!" அடுப்புகளுக்குப் பக்கத்திலிருந்து ஹெப்ரான் கையை ஆட்டினார். "ஐயரவாள் ஜெபம் பண்ணணும்!"

ஐயரவாள் அங்கியோடு வந்து அடுப்புகளுக்கு முன்னால் நின்றார். வேலையாயிருந்தவர்கள் கைகளைத் துடைத்துக்கொண்டு கூடினார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஹெப்சிபா கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றாள். எல்லாரும் இன்ஜின் அடங்குவதற்காக லாரியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

"மூச்சு வாங்கியாச்சு அண்ணாச்சி, அமத்துங்க" என்றார் தாஜ் மெதுவாக.

பாக்கியசீலன் குனிந்து குமிழைப் பிடித்தார். இழுத்தார். எபெனேசர் ஒருமுறை குலுங்கி அடங்கியது. மைதானத்தில் திடீரென்று அவ்வளவு அமைதி. ஆடு ஒன்று கத்தியது தனியாகக் கேட்டது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குமிழ் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நின்றது. அவர் அதைத் தள்ளவில்லை.

ஐயரவாள் கைகளை உயர்த்தினார். எல்லாத் தலைகளும் குனிந்தன. தாஜின் கை, பழக்கத்தில், ஜன்னல் வழியாகக் குமிழைத் தள்ள உள்ளே நீண்டது. பாதி வழியில் நின்றது. அவர் குமிழைப் பார்த்தார். பிறகு பாக்கியசீலனின் நெற்றியில் வட்டமாகச் சிவந்து கிடந்த தடத்தைப் பார்த்தார். கக்கத்திலிருந்த கத்தியின் துணி முனை காற்றில் மெல்ல அசைந்தது.

ஜெபம் தொடங்கியிருந்தது. பாக்கியசீலன் கண்ணை மூடவில்லை. நீட்டிய அந்தக் கை உள்ளேயும் வராமல், திரும்பியும் போகாமல், அவருக்கும் குமிழுக்கும் நடுவே அப்படியே நின்றது.